கல்லு ஏன் சுடலை? நித்யகல்யாணியில் இருந்து வந்த மருந்தின் கதை

இன்னைக்குக் கதை திருவானைக்காவல் கோயில்ல, உச்சிவெயில்ல ஆரம்பிக்குது.

அங்கே உச்சிக்கால பூஜைல குருக்கள் புடவை கட்டிக்கிட்டு, அகிலாண்டேஸ்வரியாவே ஜம்புகேஸ்வரருக்குப் பூஜை பண்ணுவார். எங்க அத்தை வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. போன வருஷம் சித்திரை மாசம், கீமோ முடிஞ்ச கொஞ்ச நாள்ல, அந்தப் பூஜையைப் பார்த்தே ஆகணும்னு கிளம்பினாங்க. நானும் கூடப் போனேன். திறந்தவெளிப் பிரகாரத்துல நான் குதிச்சுக் குதிச்சு ஓடுறேன், அத்தை நிதானமா நடந்து வர்றாங்க. "கல்லு ஒண்ணும் சுடலையேடா"ன்னு சிரிப்பு வேற. சாயங்காலம் பார்த்தா ரெண்டு பாதத்துலயும் கொப்புளம்.

அத்தைக்கு வந்தது லிம்போமா. அதுக்கு ஏத்தின மருந்துகள்ல ஒண்ணு வின்கிரிஸ்டைன். அது எதுல இருந்து வருதுன்னு தேடினேன். அத்தை வீட்டு வாசல்லயே பூத்துக் கிடக்கிற நித்யகல்யாணிச் செடி! வருஷம் முழுக்கப் பூக்கிறதால அந்தப் பேர். சில ஊர்ல அதையே சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. இத்தனைக்கும் அது நம்ம ஊர்ச் செடியே இல்லை. பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

இனி கனடாவுக்குப் போவோம். 1952. கிளார்க் நோபிள்னு ஒரு டாக்டருக்கு ஜமைக்காவில் இருந்து ஒரு உறை வருது. உள்ளே நித்யகல்யாணி இலைகள். அங்கே மக்கள் சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயமாகக் குடிக்கிறாங்கன்னு தகவல். அவர் அந்த இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுக்கிறார். தம்பி வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்.

எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை குறையவே இல்லை. சாறை ஊசியாகப் போட்டாங்க. எலிகள் சில நாட்களிலேயே தொற்று வந்து செத்துப்போச்சு. சோதனையை அதோட மூடியிருக்கலாம். ஆனா ராபர்ட் நோபிள் ஏன் செத்துச்சுன்னு பார்த்தார். எலிகளோட வெள்ளை அணுக்கள் பயங்கரமா குறைஞ்சிருந்தது. உடனே அடுத்த கேள்வி: வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காம பெருகுற ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா?

சார்லஸ் பீர் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து அதைப் பிரிச்செடுத்து 1958-ல் அறிவிச்சாங்க. அதுதான் வின்பிளாஸ்டைன். அதே சமயம் அமெரிக்காவில் எலை லில்லி கம்பெனியும் இதே செடியில் வேலை பார்த்துக்கிட்டிருந்தது. அங்கே கிடைச்ச இன்னொண்ணுதான் வின்கிரிஸ்டைன். 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்னைக்கும் அது முக்கியமான மருந்து. நம்ம தென்மாவட்டங்கள்ல மானாவாரி நிலத்துல இந்தச் செடியைப் பயிர் பண்ணி ஏற்றுமதி செய்யறாங்க. டன் கணக்கில் இலை போட்டா, கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும்.

ஆக, எலிக்கு வந்த பக்கவிளைவைத்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. மருந்து அதுக்கப்புறம் வந்தது.

சரி, அத்தை காலுக்கு வருவோம். ஒரு செல் ரெண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய குழாய்கள் உருவாகி குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கும். வின்கிரிஸ்டைன் அந்தக் குழாய்களைக் கட்ட விடாது. புற்றுநோய் செல் பிரிய முடியாம சாகும். ஆனா நரம்பு செல்லும் அதே குழாய்களைத்தான் தண்டவாளம் மாதிரி வெச்சு, சரக்கைக் கடைசி முனை வரைக்கும் அனுப்புது. எங்க பாஷைல சொன்னா, ரெண்டு புரோகிராம், ஒரே லைப்ரரி. முதுகுல இருந்து கால் விரல் வரைக்கும் போற நரம்புதான் ரொம்ப நீளம். அதனாலதான் பெரும்பாலும் கால் விரல்ல மரத்துப்போறது ஆரம்பிக்கும். ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல பொதுவா கொடுக்காம இருக்கிறதுக்கும் இந்த நரம்புப் பாதிப்புதான் காரணம்.

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கு. ஊசி ஏத்துற ரத்தக்குழாயையும் நாம 'நரம்பு'ன்னுதான் சொல்றோம். 'நரம்பு மரத்துப்போகும்'னு நர்ஸ் சொன்னப்போ, ஊசி குத்தின கையைத்தான் சொல்றாங்கன்னு அத்தை நினைச்சிருக்காங்க. காலை அவங்க யோசிக்கவே இல்லை.

இந்த மருந்து ரத்தக்குழாய்க்குள்ள மட்டும்தான் போகணும். வெளியே கசிஞ்சா சதை புண்ணாகிடும். ஏத்தும்போது எரிச்சல் இருந்தா அந்த நிமிஷமே சொல்லணும். தவறுதலா முதுகுத்தண்டுக்குள்ள போட்டா அநேகமா மரணம்தான். உலகத்துல பல இடங்கள்ல அப்படி நடந்திருக்கு. காரணம், அதே நோயாளிக்கு முதுகுத்தண்டுல போட வேண்டிய வேற மருந்தும் இருக்கும், ரெண்டும் சிரிஞ்சுல வரும். அதனால 2007-ல் உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டைனைச் சிரிஞ்சுல வைக்காம சின்னப் பையில கலந்து ஏத்தச் சொல்லி எச்சரிச்சது. பையை யாரும் முதுகுல போட மாட்டாங்க இல்லையா? மனுஷன் கவனமா இருப்பான்னு நம்பாம, தப்பே நடக்க முடியாத மாதிரி மாத்துறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அது.

அடுத்த செக்கப்ல டாக்டர் கேட்டப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளியே வந்துச்சு. மூணாவது தடவை மருந்து ஏத்தினதுல இருந்தே விரல் மரப்பு. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலை. தாடை வலி. நாலு நாள் மலச்சிக்கல், ஏன்னா குடலுக்கும் நரம்பு இருக்கு. "ஏம்மா அப்பவே சொல்லலை? அளவைக் குறைச்சிருப்போமே"ன்னார் டாக்டர். "உயிரைக் காப்பாத்துற மருந்து, இதைப் போய்ச் சொல்லி நிறுத்திட்டாங்கன்னா?"ன்னாங்க அத்தை. எனக்குப் பேச்சே வரலை. நான் வாரா வாரம் போன்ல "எப்படி இருக்கீங்க அத்தை"ன்னுதான் கேட்டேன். "நல்லா இருக்கேன்டா"ன்னு பதில் வரும். பட்டன் போட முடியுதா, கீழே பார்க்காம நடக்க முடியுதா, செருப்பு கழண்டா தெரியுதான்னு ஒரு நாளும் கேட்கலை.

உங்க வீட்ல யாருக்காவது இந்த மருந்து ஓடுதுன்னா, அப்படிக் கேளுங்க. பதிலை டாக்டர்கிட்ட சொல்லுங்க. சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கன்னு பயப்பட வேண்டாம், அளவை மாத்தவும் வழி இருக்கு. இன்னொண்ணு: வாசல் செடி இலையை அரைச்சுக் குடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அது விஷச் செடி. அந்த எலிகளை மறந்துடாதீங்க.

அத்தைக்கு இப்போ மரப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையுது. கால்ல சாக்ஸ் போட்டுக்கிட்டு, வெயிலுக்கு முன்னாடி காலையிலயே கோயிலுக்குப் போயிட்டு வந்துடறாங்க. போன வாரம் போன் பண்ணினாங்க. "டேய், இன்னைக்குக் கல்லு லேசா ஜில்லுன்னு இருந்துச்சுடா."