துவக்கும் மரையும்

நாம் 'துவக்கு' என்கிறோம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்கின்றனர். இரண்டும் ஒரே துருக்கிய வேரிலிருந்து வந்த சொற்கள். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறினாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆனால் அந்தத் துவக்கின் உள்ளே இருக்கும் திருகாணிகளுக்கு இந்தப் பொதுமை வாய்க்கவில்லை. ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் துளைக்குள் போகாது.

கடைசல் வேலை கற்பித்தவன் என்பதால் மரைகளின் வரலாற்றில் எனக்கு நீண்ட நாளாகவே ஈடுபாடு உண்டு. 'மரை' என்று நான் சொல்வது திருகாணியில் சுற்றிச் செல்லும் வரியை. பட்டறைகளில் 'திரெட்' என்றும் சொல்வார்கள். வாய்வழியாக மருந்து இடித்து நிரப்புவதால் நம்மவர் 'இடியன்' என்று அழைக்கும் துவக்கு வகையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரட்டைக் குழல் வேட்டைத் துவக்குகள் இன்றும் சேகரிப்பாளரிடம் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு சிறு உதிரிப்பாகம் தேடுவது கடைக்குப் போய் வாங்கிவரும் காரியமென்று தோன்றும். உண்மையில் அது வரலாற்றுக்குள் இறங்கித் தேடும் காரியம்.

ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் மதகுருவாக இருந்த அலெக்சாண்டர் போர்சைத், அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு துவக்கைப் பற்றவைக்கும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றார். அடுத்த இரு தசாப்தங்களுக்குள் 'கேப்' எனும் சிறு செப்புத் தொப்பி வந்தது. அதை முதலில் செய்தவர் தாமே என்று உரிமை கோரியோர் பலர். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. தொப்பியை மாட்டுவதற்குக் குழலின் அடியில் துளையுள்ள ஒரு சிறு எஃகு முளை தேவைப்பட்டது. அதுதான் நிப்பிள். குதிரை தொப்பியில் அடிக்க, நெருப்பு அந்தத் துளை வழியே மருந்துக்குப் போகும். ஒவ்வொரு வேட்டுக்கும் அடியும் வாங்கி, அரிப்பும் வாங்கித் துவக்கில் முதலில் தேய்வது இதுவே. ஆகவே கழற்றி மாற்றத்தக்கதாக மரை போட்டுச் செய்தார்கள்.

அந்த மரையை எப்படிப் போட்டார்கள்? கடினமாக்கிய எஃகுத் தகடொன்றில் மரையிட்ட துளைகள் இருக்கும். கம்பியை அதற்குள் திருகித் திருகி வரியை ஏற்றுவர். தகட்டைச் செய்தவன் எந்த இடைவெளியைத் தேர்ந்தானோ அதுவே அப்பட்டறையின் அளவு. ஹென்றி மோட்ஸ்லி 1800 ஐ ஒட்டிய ஆண்டுகளில் துல்லியமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் பர்மிங்ஹாமின் துவக்குப் பட்டறைகளில் குழலுக்கு ஒருவர், பூட்டுக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர் எனக் கைவேலையாகவே தொழில் நடந்தது. ஒருவரின் தகடு மற்றவரின் தகட்டோடு ஒத்துப்போக வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

மோட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வேர்த், பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, சராசரி கண்டு, 1841 இல் சிவில் பொறியியலாளர் நிறுவகத்தின் முன் ஒரு சீரான மரை முறையை வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 மரை. புகையிரதத் தொழிற்சாலைகள் இதை வரவேற்றன. துவக்குத் தொழிலுக்கு அது பருமனாக இருந்தது. மெல்லிய இடத்தில் சிறு பாகம் பிடித்து நிற்க நெருக்கமான மரை வேண்டும். 1850களில் அறுகோணத் துளையுள்ள ரைபிளைச் செய்தவரும் இதே விட்வேர்த்தான். இருந்தும் வேட்டைத் துவக்குப் பட்டறைகள் தத்தம் தகடுகளை விடவில்லை. அதே தசாப்தத்தில் என்பீல்ட் அரசாங்கத் தொழிற்சாலை அமெரிக்க இயந்திரங்களைத் தருவித்து, பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய இராணுவத் துவக்குகளைச் செய்யத் தொடங்கியது. படைவீரனுக்குக் கிடைத்த வசதி பிரபுவின் விலையுயர்ந்த துவக்குக்குக் கிடைக்காமற் போனது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

இன்று புதிதாகச் செய்து விற்கப்படும் நிப்பிள்களில் கால் அங்குலம் 28 மரை ஒரு பரவலான அளவு. 6 மில்லிமீற்றர் விட்டமும் 0.75 மில்லிமீற்றர் இடைவெளியும் இன்னொன்று. பழைய ஆங்கிலத் துவக்குகளிலோ 26 மரை கொண்டவையும் உண்டு. 28 எங்கே, 26 எங்கே, இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். கால் அங்குல நீளத்தில் ஒன்றுக்கு ஏழு மரை, மற்றதற்கு ஆறரை. அந்த அரை மரையில்தான் ஆபத்து இருக்கிறது. தவறான நிப்பிள் முதலிரண்டு சுற்று இலகுவாக ஓடும், பிறகு இறுகும். இறுகுவதை நல்ல பொருத்தமென்று எண்ணிச் சாவியால் அழுத்துபவர் துளையின் மரையையே நசுக்குகிறார். மேலும், நிப்பிளின் தோள் அடியில் முழுமையாக உட்கார வேண்டும். வாயுவை மறிப்பதில் அதற்கும் பங்குண்டு. நசுங்கிய மரையில் தோள் உட்காராமல் நிற்கும் நிப்பிள் வேட்டின்போது தெறித்தால், அருகில் இருப்பது சுடுபவரின் முகம்.

துளையைப் பெருப்பித்து, இன்று கிடைக்கும் அளவுக்குப் புதிய மரை போட்டுவிடலாம் என்று சொல்வோர் உண்டு. முற்றாக அரித்துப்போன துளைக்கு வேறு வழியில்லைதான். நல்ல துளையில் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். பெயர் பொறிக்காமல் போன ஒரு தொழிலாளியின் தகடு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் துளையே சாட்சி. ஏட்டுச்சுவடியில் விளங்காத சொல்லைச் சுரண்டிவிட்டுத் தெரிந்த சொல்லை எழுதுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிப்பிளைத் துளைக்காகச் செய்ய வேண்டும்.

அதற்கு முதலில் துவக்கு காலியா என்று பார்க்க வேண்டும். ஒரு நூற்றாண்டாகச் சுவரில் தொங்கியவற்றிலும் மருந்து நிரம்பியிருந்தது உண்டு. குழலுக்குள் கோலை விட்டு அடையாளமிட்டு, வெளியே வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பிறகு பழைய நிப்பிளில் கெடாத மரையைத் தேடி, மரை அளவுகோலின் பற்களை வெளிச்சத்துக்கெதிரே பொருத்திப் பார்க்கலாம். நிப்பிளே இல்லாவிட்டால் துளைக்கு அச்செடுக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் உருகும் பிஸ்மத் கலப்புலோகம் இதற்கு உதவுகிறது. கிடைத்த அளவை அங்குல வழிதிருகு கொண்ட பழைய ஆங்கில லேத்தில் வெட்டுவது சுலபம். மெட்ரிக் லேத்தானால் 127 பல் கொண்ட சக்கரம் தேவைப்படும்; ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஐந்து அங்குலம் 127. வெட்டிய எஃகைக் கடினமாக்கியபின், நீலம் பாயும்வரை மறுபடி மெதுவாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைப் போக்க வேண்டும்.