கல்லறைக் கல்லும் நம்ம ஊர்க் கருங்கல்லும்



"உங்க பாடத்தைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். என் பாடம் ஜியாலஜி. நான் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரன். ஆகவே நம் ஊர்க் கல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் சபை தேர்தல் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தைப் பற்றிப் படித்தோம். நம் ஊர்க் கல்லைப் பற்றி மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு ஒரு உலகப் பெயர் உண்டு என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் சார்னோகைட்.

பெயர் வந்த கதை சுவையானது. 1690-ல் ஹூக்ளி நதிக்கரையில் சுதாநுட்டி கிராமத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்தவர் ஜாப் சார்னாக். கல்கத்தாவை நிறுவியவர் அவரே என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். அவரை அப்படிச் சொல்லக்கூடாது என்று 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன்மேல் பதித்த கருநிறக் கல் நம் பக்கத்திலிருந்து, பல்லாவரம் - பரங்கிமலைப் பகுதியிலிருந்து, கப்பலில் போனது.

இருநூறு ஆண்டு கழித்து அந்தக் கல்லைக் கூர்ந்து பார்த்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட். 1868-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1890-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை. 1893-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தக் கல்லறைக் கல்லைப் பற்றியே கட்டுரை எழுதி, சார்னாக்கின் பெயரைக் கல்லுக்குச் சூட்டினார். அதில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருந்தது. சாதாரண கிரானைட்டில் அது இருக்காது. 1900-ல் தென்னிந்தியா முழுதும் உள்ள இவ்வினப் பாறைகளைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

ஹாலண்ட் கல்லோடு நிற்கவில்லை. 1893-ல் கர்வால் மலையில் கோனா என்ற இடத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்தபோது அதை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1903-ல் துறையின் இயக்குநரானார். 1916-18-ல் இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்து, 1947-ல் மறைந்தார்.

இத்தனை பெரியவரும் ஒரு விஷயத்தில் முழுக்கச் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். பாறைக் குழம்பு ஆறி உறைந்த தீப்பாறை இது என்பது ஹாலண்டின் முடிவு. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை என்ற கருத்து பிறகு வலுத்தது. நம் நாட்டு நிலவியல் அறிஞர் ஏ.பி. சுப்பிரமணியம், பல்லாவரம் பகுதியை மறுபடி அளந்து பார்த்து, 1959-ல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். ஹாலண்ட் ஒரே குடும்பம் என்று சேர்த்த பாறைகள் எல்லாம் ஒரே குடும்பமல்ல என்று துணிந்து சொன்னார். இவர் ஆராய்ந்த இன்னொரு இடம் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி. அங்குள்ள அனார்த்தசைட் கல்லைப் பொடியாக்கித்தான், சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது.

1960-ல் இன்னொரு திருப்பம். மைசூர் ராஜ்ய நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து, கப்பல்துர்கா என்ற இடத்தில் வெளிர் நிறப் பாறைக்குள், வெடிப்புகளை ஒட்டித் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உண்டாகியிருப்பதைக் காட்டினார். பாறை மாறிக்கொண்டிருந்தபோதே பாதியில் நின்ற காட்சி அது. தோசைக்கல்லில் பாதி வெந்த தோசையைப் பார்த்தால் எப்படி வேகிறது என்று தெரிகிறதல்லவா, அது போல.

ஏன் மாறியது? இங்கேதான் வெப்ப இயக்கவியல் வருகிறது. (அந்தப் பேப்பரில் அரியர் வைத்த நண்பர்கள் மன்னிக்கவும்!) கறுப்பு மைக்காவுக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. மைக்காவும் குவார்ட்ஸும் சேர்ந்து வினைபுரிந்தால் ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டாகித் தண்ணீர் வெளியேறும். சூடு மட்டும் போதாது. சுற்றுப்புறம் அந்தத் தண்ணீரை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட வேட்டி காயுமா? அதே வேட்டி வறண்ட காற்றில் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். 1979-ல் மைசூரைச் சேர்ந்த ஏ.எஸ். ஜனார்த்தன், சிகாகோவின் ராபர்ட் நியூட்டன், ஜே.வி. ஸ்மித் மூவரும் 'நேச்சர்' இதழில் இதைத்தான் விளக்கினார்கள். ஆழத்திலிருந்து வெடிப்புகள் வழியே ஏறிய கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீரின் பங்கைக் குறைத்துப் பாறையை உலர்த்தியது என்பது அவர்கள் வாதம். உருகிய குழம்பே தண்ணீரை வாங்கிக்கொண்டது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

பல்லாவரத்துக் கல் உருமாறி ஏறத்தாழ 250 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது அது 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய், இன்று நம் காலடியில் கிடக்கிறது.

மாணவனாக இருந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல் குவாரியில் கையளவு துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். சம்மட்டி பிடித்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி தேடறே? எல்லாம் கருங்கல்லுதான்" என்றார். "இல்ல பெரியவரே, இதுல ஒரு விசேஷம் இருக்கு" என்றேன். அவர் துண்டை வாங்கி, உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்து, "எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது பாரு, இதுதான் உளிக்கு அடங்காது" என்றார். சார்னோகைட்டைக் கையில் வைத்து அடையாளம் காண எங்களுக்குப் பாடத்தில் சொல்லித்தந்த முதல் குறியே அந்த எண்ணெய்ப் பளபளப்புதான்! அவர் புத்தகம் படித்ததில்லை.

உத்திரமேரூரும் பல்லாவரமும் பரங்கிமலையும் ஒரு காலத்தில் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே சார்னோகைட் நம் மாவட்டத்துக் கல் என்று உரிமையோடு சொல்லலாம். பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துக் குன்றுகளில் பல, வெட்டி எடுத்தது போக இன்று தண்ணீர் நிற்கும் பள்ளங்களாக இருக்கின்றன. நம் தாலுகாவிலும் கிரஷர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜல்லி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீடு கட்ட, ரோடு போட கல் வேண்டும். அதை நம்பிப் பிழைப்பவர்களும் நம்மவர்களே. ஆனால் ஒரு பிச்சமுத்துவுக்குத் தென்பட்டது போன்ற ஒரு பாறை முகம் நம்மூர்க் குவாரியிலும் இருந்து, யாரும் பார்க்கும் முன்பே லாரியில் ஏறிவிட்டால், அதை மறுபடி கொண்டுவர முடியாது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது உங்கள் பக்கத்துக் குன்றிலிருந்து புதிதாக உடைந்த ஒரு துண்டு கொண்டுவாருங்கள். எந்த ஊர், எந்தக் குன்று, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். நம் கல்லூரியில் ஒரு கண்ணாடி அலமாரி போதும். அலமாரிச் செலவைப் பழைய மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.