பெயரில் ஒளிந்த தந்தை: ஆங்கிலச் சிற்றூர்களின் பங்குப் பதிவேடுகள்

1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகியன ஏட்டில் பதியப்பட வேண்டும். அவ்வேடு இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் காக்கப்பட வேண்டும். இது புதிய வரிக்கான முன்னேற்பாடு என்று மக்கள் அஞ்சினர். ஆயினும், நிலமும் பத்திரமும் இல்லாத உழவுக் கூலிகளின் பெயர்கள் தொடர்ச்சியாக எழுத்தில் ஏறியது அவ்வாணையால்தான். அரசின் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட சிற்றூர் முன்னோரைத் தேடுவோர்க்கு இவ்வேடுகளே முதன்மைச் சான்று.

இச்சான்று நேரடியானதன்று. தொடக்கத் தாள் ஏடுகளைத் தோலேடுகளில் படியெடுக்குமாறு 1598இல் ஆணை வந்தபோது, முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலான பதிவுகளுக்கே முதன்மை தரப்பட்டது. எனவே பல ஊர்களின் வரலாறு 1558இல்தான் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர்க்காலப் பதிவுகள் பல இடங்களில் விடுபட்டுள்ளன. 1751 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே, 1720 ஏப்ரலில் திருமுழுக்குப் பெற்ற குழந்தை 1720 பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டதாக ஏடு கூறின், அது பிழையன்று. குழந்தை பத்து மாதம் வாழ்ந்தது என்பதே பொருள்.

எழுத்துக்கூட்டலும் நிலையானதன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் வட்டார ஒலிப்பில் சொன்ன பெயரை, எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். ஒரே குடும்பம் பல வடிவங்களில் தோன்றும். ஒரே பெயரில் இருவர் ஓர் ஊரில் வாழ்ந்திருக்கவும் கூடும். பெயரொற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

பெயரே தடயமாவதும் உண்டு. உழவர் வாழ்வைப் பாடிய கவிஞர் ஜான் கிளேர் 1793இல் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையின் பெயர் பார்க்கர் கிளேர். பார்க்கரின் தாய் ஆலிஸ், அவ்வூர்ப் பங்கு எழுத்தரின் மகள்; மணமாகாதவர். ஊர் ஊராகச் சென்று கற்பித்த ஸ்காட்லாந்து ஆசிரியர் ஜான் டொனால்ட் பார்க்கர், ஆலிஸ் கருவுற்றபின் ஊரைவிட்டு அகன்றார். மகனுக்குக் குடும்பப்பெயர் தாய்வழி வந்தது. தந்தையின் குடும்பப்பெயரோ அவனது முற்பெயராயிற்று. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்கு இவ்வாறு பெயரிடுவது அக்கால வழக்கங்களுள் ஒன்று. எனினும், இத்தகைய முற்பெயர் ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவைத் தராது. கிளேர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்ததால்தான் இங்கு ஐயம் தெளிவாகிறது.

அவ்வாறு எழுதிவைக்க ஒருவர் இல்லாத குடும்பங்களுக்குத் துணைபுரிவன வறியோர் சட்ட ஆவணங்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்கிற்குச் சுமையாகக் கூடியவரை அவருக்கு உரிய பங்கிற்குத் திருப்பியனுப்பலாம். அதற்காக நீதிபதிகள் அவரை விசாரித்தனர்: எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை காலம் வேலை செய்தாய்? மணமாகாத தாயிடம் தந்தையின் பெயர் கேட்கப்பட்டது. பராமரிப்புச் செலவை அவன்மீது சுமத்துவதே நோக்கம். அன்று அவமானமாக இருந்த அந்த வாக்குமூலமே இன்று அறுந்த மரபை இணைக்கிறது. யாருக்கும் சுமையாகாமல் வாழ்ந்த கூலிக்கு ஏட்டில் எஞ்சுவது சில வரிகள் மட்டுமே. விரட்டப்பட்டவரின் வாழ்க்கையோ பக்கக்கணக்கில் கிடைக்கக்கூடும். ஆவணம் மிகுந்திருப்பதை வாழ்வின் வளமாகப் பிழைபடக் கொள்ளாதிருப்பது, இவற்றைப் படிப்போரின் முதற்கடமை.