இருபத்தெட்டு நாள் வகுப்பு

அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி வேண்டும். பத்தாம் வகுப்புக்கு பி.எட். வேண்டும். கல்லூரியில் பி.ஏ.வுக்கும் எம்.ஏ.வுக்கும் நடத்த வருகிறவனிடம் மட்டும் ‘எப்படிச் சொல்லித்தரப் போறே?’ என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் இருக்கிறதா, தகுதித் தேர்வு தேறினாயா, அவ்வளவுதான். சாக்பீஸைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். எனக்கு நடத்திய வாத்தியார் நோட்டைப் பார்த்து வாசித்தார், நானும் வாசித்தேன். அவர் முன்வரிசையைப் பார்த்தே பேசினார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, நானும் அதையேதான் செய்தேன். காலனியிலிருந்து வந்து மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். மேடையில் ஏறியதும் என் கண்ணும் முன்வரிசைக்குத்தான் போனது.

இந்தக் குறை மேலே இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே கல்லூரி வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-49இல் ராதாகிருஷ்ணன் குழு, ஆசிரியர்களுக்குப் புத்தாக்க வகுப்பு நடத்த வேண்டும் என்றது. யாருக்கு? உயர்நிலைப்பள்ளி ஆசிரியருக்கும் இண்டர்மீடியட் ஆசிரியருக்கும். பல்கலைக்கழகப் பேராசிரியர் பிறக்கும்போதே பேராசிரியர் போலிருக்கிறது. 1964-66இல் கோத்தாரி குழுதான், புதிதாக வேலைக்கு வரும் விரிவுரையாளருக்குத் தொடக்கத்திலேயே சில வாரம் பயிற்சி தரலாம் என்று எழுதியது. அது நாடு முழுக்க ஓர் ஏற்பாடாக வர இன்னும் இருபது வருஷம் ஆனது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987இல் பல்கலைக்கழக மானியக் குழு முதல் தவணையாக 48 அகாதமிக் ஸ்டாஃப் காலேஜ்களுக்கு ஒப்புதல் தந்தது. புதியவர்களுக்கு நாலு வாரம் அறிமுகப் பயிற்சி. அனுபவமுள்ளவர்களுக்கு மூன்று வாரம் புத்தாக்கப் பயிற்சி. அதே வருஷம் சம்பள விகிதம் கேட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய சம்பளத்தோடு பதவி உயர்வு விதிகளும் வந்தன, பயிற்சிச் சான்றிதழ் அந்த விதிகளோடு கட்டப்பட்டது. கற்பிக்கக் கற்றுக்கொள்வது என்பது சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஒரு பதிவாக ஆன கதை இதுதான்.

என் முறை தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. ஊரும் பேரும் வேண்டாம். இருபத்தெட்டு நாள். குறிக்கோள், மதிப்பீடு, வினாத்தாள் தயாரிப்பு, குரலை ஏற்றி இறக்குவது, கண்ணாடித்தாளில் எழுதித் திரையில் காட்டுவது. பயனில்லை என்று சொல்ல மாட்டேன். நோட்டைப் பார்த்து வாசிப்பதை அங்கேதான் விட்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள், ‘மெதுவாகக் கற்போர்’ என்பது தலைப்பு. வந்தவர் பெரிய ஆள், நன்றாகப் பேசக்கூடியவர். பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே, “கோட்டாவுல வர்றவங்கள வச்சுக்கிட்டு நாம என்ன டெக்னிக் பண்ணினாலும்...” என்று இழுத்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து நின்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சான்றிதழ் தேவையாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி விடுதியில் படுத்துக்கொண்டு அம்பேத்கரை நினைத்தேன். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தவர். கொலம்பியாவில் படித்து வந்தவர். வேறு கல்லூரி மாணவர்கள்கூட அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் அறையிலோ, பொதுக் குடத்திலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் வகுப்பில் குறையில்லை, அவர்கள் குடத்தில்தான் குறை. கற்பிக்கும் முறையை நூறு விதமாகச் சொல்லித்தரலாம். எந்த மாணவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தீர்ப்பு எழுதப்படுகிற இடம் அந்த அறை. அதற்குப் பாடத்திட்டம் கிடையாது. 2007இல் எய்ம்ஸ் பற்றி தோரட் குழு அறிக்கை தந்தபோது, அவர்கள் விசாரித்த தலித், பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள் பாகுபாடு காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். சிரித்த அந்தக் கூடம் எனக்கு மறுபடி கண்ணில் வந்தது.

பேர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம். 2023இல் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையம். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் சாதி இந்துக்கள் பக்கம் கையெழுத்துப் போட்ட மாளவியாதான், மறந்துவிட வேண்டாம். ‘மாணவர் பன்மை, எல்லாரையும் உள்ளடக்கும் கல்வி’ என்று அதில் ஒரு தலைப்பு இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். அந்தத் தலைப்பில் யார் பேசுகிறார், கேட்கிறவன் எப்போது சிரிக்கிறான் என்பதுதான் என் கேள்வி.

பயிற்சி முடித்து வந்த பருவத்தில் என் வகுப்பில் ஒரு பையன். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஆசிரியர் அறை வாசலுக்கு வெளியே நின்றான்.

“உள்ள வாப்பா.”

“இல்ல சார், இங்கயே நிக்கிறேன்.”

நான் வெளியே போனேன். புரியவில்லையென்றால் கேட்கலாமே என்றேன்.

“கேக்கலாம் சார். கேட்டா, கோட்டாப் பயலுக்கு அதான் புரியலம்பாங்க.”

இருபத்தெட்டு நாளில் யாரும் சொல்லாததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். வகுப்பில் கையைத் தூக்குவது எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. முன்வரிசைக்காரனுக்கு அது சந்தேகம், இவனுக்கு அது வாக்குமூலம்.

அடுத்த வாரத்திலிருந்து கடைசி அஞ்சு நிமிஷம் பாடத்தை நிறுத்தினேன். ஆளுக்கொரு துண்டுக் காகிதம். இன்று எது புரியவில்லை, எழுதுங்கள், பேர் வேண்டாம். முதல் வாரம் பாதிக்கு மேல் வெறுங்காகிதம். இரண்டாவது வாரம் மூணு நாலு வந்தது. ஒரு மாதம் போனபிறகு, மறுநாள் வகுப்பையே அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது. வாசித்துவிட்டுப் பதில் சொல்வேன், யார் எழுதினது என்று கேட்க மாட்டேன். ஆனால் வாத்தியாருக்குக் கையெழுத்து தெரியாதா? ‘முதலிலிருந்தே எதுவும் புரியவில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தவர்களில் முன்வரிசைக்காரர்களே அதிகம்.