பெரிய எண்ணும் மறைந்திருக்கும் பிழையும்

சைதாப்பேட்டையில் வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்க அமரும் நாம் இன்று கைப்பேசிக் கணக்கையே நம்புகிறோம். வகுத்தல் பிழையாகாது என்பது நம் எண்ணம்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி நூல் இயற்றினார். அவர் பெயரே ‘அல்காரிதம்’ ஆயிற்று. அவரது அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டைப் பற்றியதே. அக்காலத்தில் மணற்பலகையில் இலக்கங்களை அழித்தழித்துக் கணக்கிட்டனர். பிழை எங்கே புகுந்தது எனத் தேடத் தடம் எதுவும் எஞ்சாது. ஹிஜ்ரி 341இல் டமாஸ்கஸில் நூல் எழுதிய அல்உக்லீதிஸி, தாளும் மையும் கொண்டு கணக்கிடும் முறையை வகுத்தார். படிகள் அழியாமல் நின்றன.

கணினியிலும் இதே இடர் உண்டு. கணினியின் கொள்ளளவை மிஞ்சிய எண்களை வகுக்க, கம்பைலர் தன் ரன்டைம் நூலகத்தை நாடுகிறது. டொனால்டு நூத் 1969இல் விளக்கிய முறையில் ஈவின் ஒவ்வோர் இலக்கமும் ஊகிக்கப்படுகிறது. சரிபார்த்த பின்னும் ஊகம் ஒன்று மிகுந்துவிட்டால், வகுக்கும் எண்ணைத் திரும்பக் கூட்ட வேண்டும். 32 பிட் இலக்கங்களில் இத்தேவை ஏறத்தாழ 200 கோடியில் ஒருமுறையே எழும். ஆகவே அந்தப் படியில் உள்ள பிழையைச் சாதாரணச் சோதனைகள் தொடுவதேயில்லை. அப்படியை எட்டும் எண்களைத் தேடிக் கொடுத்து, ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, மூல எண் திரும்புகிறதா எனப் பார்த்தால்தான் பிழை வெளிப்படும், திருத்தவும் இயலும்.

பிறர் பங்கு நம்மிடம் உள்ள அமானிதம். கருவி தந்த விடையையும் ஒருமுறை பெருக்கிப் பார்ப்போம்.