நெய்யாற்றுப் பாலம் என்று சொல்லப்பட்ட ஒரு படம்

காஞ்சிரங்குளத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பெரியவர் ஒருவர், இம்மலரில் வெளியிட வேண்டும் என்று பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். உள்ளங்கை அளவுப் படம். கல்லால் கட்டிய உயரமான வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. மேலே கரி எஞ்சினோடு ஒரு ரயில். பின்னால் காடடர்ந்த மலைச்சரிவு. கீழே, பாலத்தை ஒட்டினாற்போல் ஒரு சாலை. படத்தின் பின்புறம் மையால் "நம்ம நாட்டு ரயில் பாலம்" என்று எழுதியிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

"எனக்க அப்பா வேல பாத்த பாலமாக்கும் தம்பி. நெய்யாத்துப் பாலம். படத்துக்கு அடியில அப்பிடியே போட்டுருங்க" என்றார் அண்ணாச்சி.

அப்படியே போட்டிருப்பேன். ஒரு சந்தேகம்தான் தடுத்தது. அப்பா எப்போது காலமானார் என்று கேட்டேன். 1961 என்றார். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் இதுதான். 1961இல் நெய்யாற்றின் மேல் ரயில் பாலமே கிடையாது. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதைக்கு 1972இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். 1979 ஏப்ரலில்தான் முதல் ரயில் ஓடியது. நெய்யாற்றங்கரை, பாறசாலை, குழித்துறை ஆகிய ஊர்க்காரர்கள் அதுவரை ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். அந்தத் திருவனந்தபுரத்துக்கும் ரயில் வந்தது 1918இல்தான்.  தம்பானூருக்கு வந்தது 1931இல். அதற்குத் தெற்கே பாதை நீள நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. நம்மூர்க்காரர்களின் பழைய குறைகளில் இதுவும் ஒன்று.

ஆகவே நெய்யாறும் இல்லை, குழித்துறை ஆறும் இல்லை. 1970களில் கட்டிய அந்தப் பாலங்களில் கல் வளைவுகளும் கிடையாது. மலர்க்குழுவில் ஒருவர் "மாத்தூர் தொட்டிப்பாலமா இருக்குமோ?" என்றார். தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது, அதன்மேல் போவது தண்ணீர். அதையும் தள்ளினோம். இன்னொருவர் சொன்னதை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அங்கே எல்லாவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலமும் கல்வளைவுதான், மலைக்காட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வளைவுகள் ஒன்பதுதான். நம் படத்தில் ஓரம் கிழிந்துபோன பகுதியை விட்டுவிட்டு எண்ணினாலே பதினொன்று வந்தது.

பதினொன்றுக்கு மேல், மலை, கீழே சாலை என்றதும் நினைவுக்கு வருவது ஒரே இடம்: கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் தென்மலைக்குக் கிழக்கே கழுதுருட்டியில் உள்ள பதிமூணு கண்ணறப் பாலம். கண்ணறை என்பது வளைவுக்கு அந்தப் பக்கத்துச் சொல். திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை அதுதான். ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் மலையைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலங்களால் தாண்டியும் போட்ட மீட்டர்கேஜ் பாதை, 1904 நவம்பரில் முழுவதும் திறக்கப்பட்டது.

ஊருக்குப் போன சமயம் புனலூரிலிருந்து பஸ் ஏறிக் கழுதுருட்டியில் இறங்கினேன். படத்தின் நகல் கையில் இருந்தது. அகலப்பாதைக்காக 2010இல் ரயிலை நிறுத்தி, பாலத்தைப் பலப்படுத்தி, 2018இல் மறுபடி ஓடவிட்டார்கள். அதனால் தூண்களின் பழைய முகத்தை வைத்து ஒப்பிட நான் முயலவில்லை. மலையின் முதுகுக்கோட்டைத்தான் பார்த்தேன். சாலையோரமாகக் கிழக்கே சிறிது நடந்ததும் படத்தில் இருந்த இரட்டை மேடு அப்படியே வந்து பாலத்துக்குப் பின்னால் உட்கார்ந்தது. படம் எடுத்தவர் நின்ற இடம் இதுதான் என்று ஆனபோது, பக்கத்துக் கடைக்காரரிடம் காரணமில்லாமல் இரண்டாவது சாயா வாங்கிக் குடித்தேன்.

இனி அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். அதுதான் கடினம். அறுபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வந்த கதை. அப்பா பொய் சொன்னார் என்று ஆகிவிடக் கூடாதே.

அவர் பொய் சொல்லவில்லை. "நெய்யாற்றுப் பாலம்" என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. "நம்ம நாடு" என்றுதான் எழுதினார். அந்தத் தலைமுறைக்கு நாடு என்றால் திருவிதாங்கூர். செங்கோட்டையும் அதில் ஒரு தாலுகா. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையின் கிழக்குப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும் நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. ஆரியங்காவும் கழுதுருட்டியும் அப்படியே. அதற்குப் பிறகு காஞ்சிரங்குளத்துத் தமிழருக்கு "நம்ம நாடு" என்பது தாலுகா அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1979க்குப் பின் ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணாச்சி ரயிலில் நெய்யாற்றைத் தாண்டியிருக்கிறார். அப்பாவின் பாலம் மெல்ல அங்கே இடம் மாறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்பா அந்தப் பாலம் கெட்டல்லியா அப்போ?"

"1904இல் அவர் பிறக்கவே இல்லையே அண்ணாச்சி. பாதையைப் பராமரிக்கும் கேங்கில் இருந்திருப்பார்."

"ஆமா, கேங்குன்னு ஒரு சொல்லு சொல்லுவாரு. நான் அது ஆளுக்க பேருன்னு நெனச்சேன்." சிரித்தார். பிறகு, "எழுதுங்க. ஆனா அப்பா எழுதுனத வெட்டப்பிடாது" என்றார்.

வெட்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் படமும் அதன் கீழே இந்த வாசகமும் உள்ளன: "நம்ம நாட்டு ரயில் பாலம். பதிமூணு கண்ணறை, கழுதுருட்டி, கொல்லம்–செங்கோட்டைப் பாதை. காஞ்சிரங்குளத்து ரயில் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தார் தந்தது."