மேடு தேடி வந்தவை

2024 செப்டம்பரில், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், மூன்றாமாண்டு மாணவிகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினேன். பாடத்திட்டத்தில் இல்லாத படம். ‘க்ரால்’ என்று பெயர், 2019இல் வந்தது, இயக்கியவர் அலெக்சாந்தர் அஜா. ஃபுளோரிடாவில் பெரும் சூறாவளி. ஊரைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழக நீச்சல் வீராங்கனையான ஹேலி, போனை எடுக்காத அப்பாவைத் தேடிப் பழைய வீட்டுக்குப் போகிறாள். வீட்டின் தரைக்கு அடியில், ஆள் நிமிர முடியாத இடுக்கில், அவர் காயத்தோடு கிடக்கிறார். மழைநீர் வடிகால் வழியாக முதலைகள் உள்ளே வந்துவிட்டன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. படம் அவ்வளவுதான்.

திகில் படங்களில் அலறுவதற்கென்றே வைக்கப்பட்டிருந்த பெண்ணுடல் எப்போது நீந்தவும் சுடவும் தொடங்கியது என்று பேசுவதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “மேம், இது எங்க வீடுதான். முதலைக்குப் பதிலா பாம்பு.” சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

என் வகுப்பில் இருப்பவர்கள் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண்கள். பாதிப் பேருடைய அம்மாக்கள் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிகள். ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியையும் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தையும் சேரும் தாழ்நிலம் இது. மேலே அணையைத் திறந்தால் இங்கே வாசலில் தெரியும். அந்தப் பெண் இருளர். ஏரிப் புறம்போக்கில் வீடு. பழங்குடிச் சான்றிதழுக்கு நடையாய் நடந்து, ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவளுடைய அம்மாவைக் கட்டுவிரியன் கடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் வேறொரு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1891 அக்டோபர். இன்றைய வியட்நாமின் தென்கோடியில், பாக் லியூ அருகே ஒரு கிராமம். மழை வெள்ளத்தில் வளைகளை இழந்த நாகங்கள் குடிசைகளுக்குள் ஏறின. நாற்பது பேரைக் கடித்தன; நான்கு பேர் இறந்தார்கள். பாம்பு பிடிக்கத் தெரிந்த உள்ளூர் மனிதர் ஒருவர் பத்தொன்பது நாகங்களை உயிரோடு பிடித்து ஒரு பீப்பாய்க்குள் அடைத்தார். பிரெஞ்சு அதிகாரி அந்தப் பீப்பாயைச் சைகோனில் புதிதாகத் தொடங்கியிருந்த பாஸ்டர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் ஆல்பர்ட் கால்மெட். அந்த நஞ்சில் தொடங்கிய அவருடைய ஆய்வுதான் சில ஆண்டுகளில் பாம்புக்கடிக்கான முதல் மாற்று மருந்தாக ஆனது.

இதைக் கால்மெட்டே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதிகாரியின் பெயர் இருக்கிறது. பாம்பின் அறிவியல் பெயர் இருக்கிறது. பிடித்தவர் வெறுமனே ‘அன்னாமியர் ஒருவர்’. பத்தொன்பது நாகங்களை வெள்ள நேரத்தில் பிடித்தவருக்கு வீட்டில் யார் விளக்குப் பிடித்தார்கள், பீப்பாயின் மூடியை யார் அழுத்திக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பதற்கு நமக்கு ஒரு சான்றும் இல்லை. தமிழாய்வு படித்தவள் என்பதால் உரையில் இல்லாததை ஊகிக்கத் தயக்கம் உண்டு. ஆனால் தனியாக ஒருவர் பீப்பாயையும் பிடித்து நாகத்தையும் பிடிக்க முடியாது என்பது ஊகம் இல்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இருளர்கள் நெல்வயல் வரப்புகளில் எலி வளை தோண்டுபவர்கள். வளையில் எலி இருக்கும், எலி சேர்த்த நெல் இருக்கும், எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கும். கடப்பாரையால் மண்ணைத் தட்டிச் சத்தம் கேட்பது, வளைவாயில் மண் மழமழவென்று தேய்ந்திருக்கிறதா, உரித்த சட்டையின் செதில் கிடக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் பெண்களுக்கும் தெரிந்த வேலை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த அறிவு பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் போனது. தோல் பதனிடும் கூடங்களுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுப் பெண்களின் கைப்பைகளாகவும் செருப்புகளாகவும் ஆனது. 1972இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. பாம்பு காப்பாற்றப்பட்டது, பிடித்தவர்களுக்கு ஒரே நாளில் பிழைப்புப் போனது. 1978இல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே அதன் இடம். பிடித்த பாம்பைப் பானையில் வைத்து, மூன்று நான்கு வாரத்தில் சில முறை நஞ்செடுத்து, மறுபடி காட்டிலேயே விடுவார்கள். நாட்டில் நச்சு முறிவு மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக இங்கிருந்துதான் போனது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சும் சேர்ந்தால்தான் மருந்து. சங்கத்தில் பெண் உறுப்பினர்களும் உண்டு. கணவனும் மனைவியுமாகப் போய்ப் பிடிப்பது வழக்கம்.

2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். ஆம், படம் நடக்கும் அதே ஃபுளோரிடா. அழைத்ததில் பங்குள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகம்தான் படத்தில் ஹேலி நீந்துகிற பல்கலைக்கழகமும். அங்கே சதுப்புநிலம் முழுக்கப் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயலையும் மானையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. செல்லப்பிராணியாக வாங்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டவை பல. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளியில் ஒரு வளர்ப்புக்கூடம் உடைந்து தப்பியவையும் காரணம் என்பார்கள். நாய்களையும் கருவிகளையும் வைத்துத் தேடியவர்கள் திணறிய இடத்தில், இவர்கள் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். ஒன்று பதினாறு அடி நீளம், பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தச் செய்திகளில் ஒரு இருளப் பெண்ணின் முகத்தையாவது பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பார்த்த நினைவில்லை.

அதே 2023 டிசம்பர் 4. பெருங்களத்தூர் அருகே மழையில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காட்சி எல்லோர் போனிலும் ஓடியது. அது மனிதரைத் தவிர்க்கும் சதுப்பு முதலை என்று அரசு விளக்கம் தந்தும் ஊர் நடுங்கியது. 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் இப்படித்தான் பரவியது. முதலை என்றால் படம் போல இருக்கிறது, உடனே பகிர்கிறோம். மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது அதே நாட்களில்தான். அதுவும் வடிகால் வழியாக வந்த ஒன்று. கழுத்தளவு நீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இறால் துழாவும் பெண்களின் தோலில் அது ஒட்டியது.

இனி மாணவியின் அம்மா. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் இவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். வகுப்பறைக்குள் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆண்கள் படுத்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்குச் சுவரோரம். மற்றப் பெண்கள் தாழ்வாரத்தில், தரையில். யாரும் உத்தரவு போட்டுப் பிரிக்கவில்லை. வீட்டில் கட்டில் யாருக்கு என்ற ஏற்பாடு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். கழிவறையில் தண்ணீர் நின்றிருந்ததால் இருட்டும்வரை அடக்கிவைத்திருந்து, மதிலோரமாகப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் உலர்ந்திருந்த இடம் அந்தப் பள்ளிக்கூட மேடு மட்டுமே. எலியும் தேளும் பாம்பும் அங்கேதான் வந்தன.

கட்டுவிரியன் இரவில் திரியும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது. எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார். விடியற்காலையில் வயிற்றுவலி, நிவாரணப் பொட்டலச் சோறு சேரவில்லை என்றார்கள். அவருடைய மாமியார்தான் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, இமை தொங்குவதைக் கண்டு, ‘விரியன்’ என்றார். ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டுபோய், முதல் இடத்தில் மருந்தில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாவது இடத்தில் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் செயற்கைச் சுவாசம். பிழைத்தார். அந்தக் குப்பிக்குள் இருந்தது அவருடைய சாதிக்காரர் எடுத்த நஞ்சிலிருந்து வந்த மருந்தாகக்கூட இருந்திருக்கலாம்.

பிழைக்காதவர்கள் கணக்கு பெரியது. 2000இலிருந்து 2019வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, பாதி மழைமாதங்களில். ஆஸ்பத்திரிக்கே வராமல் இறப்பவர்கள் அரசுக் கணக்கில் ஏறுவதில்லை. தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததே 2024 நவம்பரில்தான். அந்தக் கணக்கில், எங்கே படுத்திருந்தபோது கடித்தது என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தீபாவளி விடுமுறையில் மாணவியின் வீட்டுக்குப் போனேன். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருந்தது. மகளின் போனில் அந்தப் படத்தை அம்மாவும் பார்த்திருந்தார். முதலையின் வாய்க்குள் கை சிக்கியிருக்கும்போதே ஹேலி சுடுகிற காட்சியை நான் ஆர்வமாகக் கேட்டேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

“ஒத்தையா எதுக்கு டீச்சரம்மா உள்ள போவுது அந்தப் பொண்ணு? வளைக்குப் போனா ரெண்டு பேராத்தான் போவணும்” என்றார். டீ ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தக் கால்வாய்க்குள்ள முட்டை வெச்சிருந்துதே, தண்ணி ஏறிச்சே, அதெல்லாம் இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

மகள் போனை எடுத்துப் படத்தைப் பின்னால் தள்ளித் தேடினாள். முட்டைகள் ஒரு காட்சியில் வருகின்றன. அதற்குப் பிறகு காட்டவில்லை.